500 டாலருக்குள் கைத்துப்பாக்கி: எது யாருக்குச் சரிப்படும்?

டெக்சாஸ் தமிழர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "பட்ஜெட் 500 டாலர். தற்காப்புக்கு, சட்டைக்கு உள்ளே மறைத்து வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு கைத்துப்பாக்கி வேண்டும். எதை வாங்கலாம்?" கேட்பவர்களில் இரவில் கடையை மூடிவிட்டு வசூல் பணத்தோடு காருக்கு நடக்கிறவர் இருக்கிறார், ஷிஃப்ட் முடிந்து மருத்துவமனை பார்க்கிங்கில் தனியாக நடக்கும் நர்ஸ் இருக்கிறார். பெரும்பாலும் மூன்று நான்கு மாடல்களைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நகர முடியாமல் நிற்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 500 டாலரையும் துப்பாக்கிக்கே கொடுத்துவிடாதீர்கள். 300, 350இல் துப்பாக்கியை முடித்து, மீதியை ஹோல்ஸ்டருக்கும் (துப்பாக்கி உறை) தோட்டாவுக்கும் வகுப்புக்கும் வையுங்கள். இல்லையென்றால் துப்பாக்கிக்கான பட்ஜெட் 500, மொத்த பட்ஜெட் 800 என்று இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள்.

## அதற்கு முன்: நீங்கள் வாங்கலாமா?

எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும்.

"நண்பன் எச்1பி, அவனுக்காக என் பெயரில் வாங்கித் தருகிறேன்" என்பது மத்தியக் குற்றம். படிவத்தில் பொய் சொன்னதாகவும் ஆகும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடுகடத்தலாம். இந்தச் செலவு எந்த விலைச்சீட்டிலும் இருக்காது. வீட்டில் மனைவியோ கணவரோ இன்னும் எச்4இல் இருந்தால், துப்பாக்கிப் பெட்டியின் சாவி அவர் கைக்கு எட்டுகிற மாதிரி இருப்பதே சிக்கல் ஆகலாம். அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, தகுதியுள்ள எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் மாநில உரிமத்தை வாங்கிவிடுவது நல்லது என்பேன். கட்டணம் 40 டாலர், வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம். பள்ளிகளைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்தில், அந்த மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஊருக்குள் எந்தத் தெருவில் போனாலும் ஏதோ ஒரு பள்ளி பக்கத்தில்தானே இருக்கிறது? பல வேறு மாநிலங்களும் இந்த உரிமத்தை ஏற்றுக்கொள்கின்றன.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க்கில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே எடுத்துச் செல்ல உரிமம் கட்டாயம், மேகசினில் (தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கலிஃபோர்னியாவில் மாநிலப் பட்டியலில் இல்லாத மாடலைக் கடையில் புதிதாக வாங்கவே முடியாது. கீழே வருவது டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா போன்ற இடங்களுக்கு.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் நம்பகம். ட்ரிக்கரை (விரலால் இழுக்கும் விசை) இழுத்தால் ஒவ்வொரு முறையும் சுட வேண்டும், இழுக்காமல் ஒருபோதும் சுடக் கூடாது. இதில் தேறாததை மேலே பேச வேண்டியதே இல்லை.

இரண்டாவது, உங்கள் கை. ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்புறம் முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) பின்னால் இழுக்க முடிகிறதா, ட்ரிக்கருக்கு விரல் சரியாக எட்டுகிறதா, சுட்டபின் துப்பாக்கி பிடியிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, உங்கள் உடையும் உடலும். நாலாவது, மூன்று ஆண்டுக்கான மொத்தச் செலவு. தோட்டா எத்தனை கொள்ளும் என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

இந்த அளவுகோல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். சுமக்கச் சுகமான துப்பாக்கி சுடுவதற்குக் கொடுமையாக இருக்கும், சுடச் சுகமானது இடுப்பில் கனக்கும். எடை குறையக் குறைய, சுடும்போது கையில் இறங்கும் உதைப்பு கூடும். எந்த நிறுவனத்தாலும் இதைத் தாண்ட முடியாது.

| வகை | எடுத்துக்காட்டு | வெற்று எடை | தோட்டா | கடை விலை (ஏறக்குறைய) |
|---|---|---|---|---|
| பாக்கெட் .380 | ரூகர் எல்சிபி மேக்ஸ் | 300 கிராம் | 10+1 | 350 டாலர் |
| எளிதில் இழுக்கும் .380 | ஸ்மித் அண்ட் வெசன் 380 ஷீல்ட் ஈஸி | 525 கிராம் | 8+1 | 400 டாலர் |
| குட்டை ரிவால்வர் .38 | ஸ்மித் அண்ட் வெசன் 642 | 410 கிராம் | 5 | 450 டாலர் |
| மைக்ரோ 9 எம்எம் | ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் பிளஸ் | 573 கிராம் | 10+1 அல்லது 13+1 | 400 முதல் 450 டாலர் |
| மலிவு 9 எம்எம் | டாரஸ் ஜி3சி | 624 கிராம் | 12+1 | 250 முதல் 300 டாலர் |

.380, .38, 9 எம்எம் என்பவை தோட்டா வகைகள். 10+1 என்றால் மேகசினில் 10, சேம்பரில் (குழலின் பின்னால் தோட்டா நிற்கும் அறை) ஒன்று. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். விற்பனை வரியைச் சேர்க்கவில்லை.

## பாக்கெட் .380

எல்சிபி வகை முதலில் 2008இல் வந்தது. 2021இல் வந்த மேக்ஸ், அதே குட்டி உடலில் 10 தோட்டாவைத் திணித்தது. ஹூஸ்டன் வெயிலில் டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸுமாகத் திரிகிறவருக்கு இதைவிட மறைவானது கிடைக்காது. எடுத்துச் செல்வதே சிரமம் என்று நல்ல துப்பாக்கியை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது நியாயமான தேர்வு.

குறை எங்கே என்றால், சுடும்போதுதான். பிடியில் இரண்டு விரல், மிஞ்சினால் இரண்டரை விரல் நிற்கும். 300 கிராம்தான் என்பதால் உதைப்பு நேராக உள்ளங்கையில் இறங்கும். முதல் பெட்டி முடிவதற்குள் பலருக்குக் கட்டைவிரல் அடியில் சிவந்துவிடும். வலித்தால் பயிற்சிக்குப் போக மாட்டீர்கள்.

தோட்டாவும் சற்றுப் பலவீனமானது. எஃப்பிஐ சோதனையில் தோட்டா, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெல் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும். குட்டைக் குழலிலிருந்து வரும் .380 ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த, பட்டதும் விரியும் தோட்டா), விரிந்தால் ஆழம் போதாமல் நின்றுவிடும், விரியாவிட்டால் தேவைக்கு மேல் போய்விடும். நல்ல தயாரிப்புகள் இருக்கின்றன, ஆனால் தேடிப் பிடிக்க வேண்டும்.

பாக்கெட்டில் வைப்பதானால் பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை என்று வேறு எதுவும் இருக்கக் கூடாது.

## எளிதில் இழுக்கும் .380

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், விரல் மூட்டு வலி உள்ளவர்களும் கைப்பிடி வலு குறைந்தவர்களும் மேலே உள்ள குட்டித் துப்பாக்கியிலேயே முட்டிக்கொண்டு சோர்ந்துவிடுகிறார்கள். 2018இல் வந்த ஷீல்ட் ஈஸி அவர்களை மனதில் வைத்தே செய்தது. ஸ்லைடு லேசாக வரும். மேகசினில் தோட்டா ஏற்றுவதும் சுலபம். அரை கிலோவுக்கு மேல் இருப்பதால் அதே .380 இதில் சாதுவாகிவிடுகிறது. கைப்பிடியின் பின்புறம் ஒரு சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) உண்டு, முழுதாகப் பிடித்தால்தான் சுடும். ரூகரின் செக்யூரிட்டி-380 இதே யோசனையில், இன்னும் மலிவாகக் கிடைக்கிறது.

ஆனால் ஒன்று. "என்னால் ஸ்லைடை இழுக்க முடியவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை வலுவில் இல்லை, பிடியில் இருக்கிறது. கடையில் கவனியுங்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்லைடைக் கிள்ளி இழுப்பார்கள். அப்படி வராது. துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, ஸ்லைடின் மேல் முழு உள்ளங்கையையும் கவிழ்த்துப் பிடித்து, மறுகையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதல்ல, தள்ளுவது. இதைச் சொல்லிக் கொடுத்ததும் 9 எம்எம் ஸ்லைடையே எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ஷீல்ட் ஈஸியை எடுங்கள்.

பழையதாக வாங்கினால் ரீகால் பட்டியலைப் பாருங்கள். ஈஸி குடும்பத்தின் 9 எம்எம் மாடலில் 2020இல் தயாரான ஒரு பகுதியை, ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) கோளாறுக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது.

## குட்டை ரிவால்வர்

கவுன்டரில் பெண்கள் போய் நின்றால் அநேகமாக முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். "ஜாம் ஆகாது, சேஃப்டி கிடையாது, எடுத்துச் சுட வேண்டியதுதான்" என்பார்கள். சொல்வதில் உண்மை இருக்கிறது. ஸ்லைடு இல்லை. ஆண்டுக்கணக்கில் தோட்டாவோடு கிடந்தாலும் ஸ்பிரிங் கவலை இல்லை. 642இல் ஹேமர் உள்ளே மறைந்திருப்பதால், கோட்டுப் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. மல்லுக்கட்டில் எதிராளியின் உடம்போடு அழுந்தினால் பிஸ்டல் ஸ்லைடு நகர்ந்து சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் புதியவருக்கு இதைத் தருவதை நான் ஏற்கவே மாட்டேன். ட்ரிக்கரை இழுக்க 5 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். துப்பாக்கியின் எடையோ 410 கிராம். தன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேலான விசையை ஒரே விரலால் கொடுக்கும்போது குறி ஆடாமல் இருக்க வேண்டும். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை, குறி பார்க்கும் சைட் வெறும் பள்ளம். ஐந்து தோட்டா முடிந்தால், பதற்றத்தில் மறுபடி நிரப்புவது நடக்கிற காரியமா? கூட, .38 தோட்டா 9 எம்எம்மைவிட விலை அதிகம்.

பல ஆண்டு சுட்டுப் பழகியவர் இரண்டாவது துப்பாக்கியாக வைத்துக்கொள்ள அருமையானது. டாரஸ் 856 ஆறு தோட்டா கொள்ளும், 100 டாலருக்கு மேல் குறைவாகவும் கிடைக்கும். அதன் கனமான எஃகு வடிவம் சுட இன்னும் நிதானமாக இருக்கும்.

## மைக்ரோ 9 எம்எம்

2018இல் சிக் சாவர் பி365 வந்ததும் இந்தச் சந்தையே புரண்டது. அதுவரை இவ்வளவு சின்ன 9 எம்எம்மில் ஆறு, ஏழு தோட்டாதான் இருக்கும். பி365 பத்தைக் கொடுத்தது. மற்றவர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஸ்மித் அண்ட் வெசன் 2021இல் ஷீல்ட் பிளஸ் கொண்டுவந்தது.

சராசரி உடல்வாகு, பேன்ட் பெல்ட் அணியும் வழக்கம், மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் கூடம்) போகும் எண்ணம் உள்ளவருக்கு என் சிபாரிசு ஷீல்ட் பிளஸ்தான். பி365 இன்னும் கொஞ்சம் சின்னது, ஆனால் 500 டாலரைத் தொடும். அந்த வித்தியாசத்தில் ஹோல்ஸ்டரே வந்துவிடும். ஷீல்டின் ட்ரிக்கர் எந்த இடத்தில் சுடும் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது, மூன்று விரலும் பிடியில் நிற்கிறது, 2012இலிருந்து விற்கும் குடும்பம் என்பதால் ஹோல்ஸ்டரும் உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்கும். உதைப்பு கொஞ்சம் துள்ளலாக இருக்கும், நூறு தோட்டாவில் பழகிவிடும்.

## டாரஸ் ஜி3சி

"மலிவு, ஆனால் நம்பலாமா?" என்ற கேள்வியே இதைச் சுற்றித்தான். பிரேசில் நிறுவனம், ஜார்ஜியா மாநிலத்தின் பெயின்பிரிட்ஜில் அமெரிக்க ஆலை இருக்கிறது. முந்தைய தலைமுறை மாடல்கள் சில கீழே விழுந்தால் சுட்டுவிடும் என்று அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. பிடி-111 மில்லேனியம், 24/7 போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. பழைய டாரஸை யாராவது 150 டாலருக்குத் தந்தாலும் பட்டியலைப் பார்க்காமல் கை நீட்டாதீர்கள்.

இப்போதைய ஜி3சி 12 தோட்டா மேகசின் மூன்றோடு வருகிறது. இது சின்ன விஷயமல்ல, மற்ற நிறுவனங்களில் கூடுதல் மேகசின் ஒன்றுக்கு 30, 40 டாலர் ஆகும். ட்ரிக்கர் நீளமாக வரும், முடிவில் சற்று மொரமொரப்பு. ஷீல்டைவிடத் தடிமன். மெலிந்தவர்கள் சட்டையில் அது தெரியும். தரக்கட்டுப்பாடு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுகிறது என்ற புகார் உண்டு. ஆகவே வாங்கி 300 தோட்டா சுட்ட பிறகே நம்புங்கள். இடையில் கோளாறு வந்தால் உத்தரவாதத்தில் அனுப்பிவிட வேண்டும். வாரக்கணக்கில் துப்பாக்கி இல்லாமல் இருப்பது மலிவின் மறைமுக விலை. அந்த 300 தோட்டா எப்படியும் பயிற்சிக்குத் தேவைதானே, அதனால் அதை நஷ்டமாக எண்ண வேண்டாம். மொத்த பட்ஜெட்டே 500 என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதைவிடக் கீழே போனால் ஹை-பாயின்ட் சி9, 200 டாலர் பக்கம். சுடும், வாழ்நாள் உத்தரவாதமும் உண்டு. ஆனால் எடை 800 கிராமுக்கு மேல், ஸ்லைடு செங்கல் மாதிரி. வீட்டுப் பெட்டிக்குச் சரி, இடுப்புக்கு வேண்டாம்.

## போலீஸ் விட்டவை

எஃப்பிஐ .40 தோட்டாவிலிருந்து 9 எம்எம்முக்குத் திரும்பியதும் பல போலீஸ் துறைகளும் மாறின. கழித்துவிட்ட கிளாக் 22, ஸ்மித் அண்ட் வெசனின் எம் அண்ட் பி 40 போன்றவை 300 டாலர் பக்கம் கடைகளில் கிடைக்கின்றன. ஹோல்ஸ்டரில் உரசி வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்காது. இரவில் ஒளிரும் சைட் மங்கியிருக்கும். அதிலுள்ள டிரிட்டியத்தின் அரை ஆயுளே 12 ஆண்டு சொச்சம்தான். தரத்தில் இந்த விலைக்கு இணை கிடையாது. ஆனால் பெரிய உருவம், .40 தோட்டா விலை அதிகம், உதைப்பும் கூர்மை. படுக்கையறைப் பெட்டியில் வைக்க வாங்கலாம். மறைத்துச் சுமக்கத் தேடுகிறவர், 9 எம்எம்மில் பழைய ஷீல்ட் வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்கலாம்.

## விலைச்சீட்டில் இல்லாதவை

தோட்டா. மாதம் 50 சுட்டால் ஆண்டுக்கு 600. பயிற்சித் தோட்டா 9 எம்எம்மில் ஒன்று 28 சென்ட் என்று வைத்தால் 168 டாலர். .380 என்றால் 40 சென்ட் கணக்கில் 240. .38 என்றால் 50 சென்ட் கணக்கில் 300. விலை ஏறி இறங்கும், 2020இல் கடைகளில் தோட்டாவே இல்லாமல் போனது. ஆனால் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. மூன்று ஆண்டில் ரிவால்வர்காரர் 9 எம்எம்காரரைவிட 400 டாலர் அளவுக்கு அதிகம் செலவழித்திருப்பார். தற்காப்புக்கு வைக்கும் ஹாலோ பாயின்ட் ஒன்று ஒரு டாலர் அளவுக்கு வரும். அதையும் இரண்டு மூன்று பெட்டி உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தாக வேண்டும்.

ட்ரிக்கரை முழுதாக மூடும் கைடெக்ஸ் (கடினப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் 50 முதல் 70 டாலர், தொய்யாத பெல்ட் 40க்கு மேல், வகுப்பு 75 முதல் 150. 15 டாலர் துணி ஹோல்ஸ்டரில் 450 டாலர் துப்பாக்கியை வைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

உடைச் செலவையும் கணக்கில் எடுங்கள். இடுப்பு ஹோல்ஸ்டர்கள் பெல்ட் போட்ட பேன்ட்டை நினைத்தே செய்தவை. சுடிதார் நாடா அரை கிலோவைத் தாங்காது, சேலைக்குப் பெல்ட்டே கிடையாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை ஹோல்ஸ்டர் ஓரளவு உதவும், ட்ரிக்கர் பகுதியில் கடினமான உறை உள்ளதாகப் பார்க்க வேண்டும். கைப்பையில் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். பையைப் பறித்தால் துப்பாக்கியும் போச்சு. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டு அந்தத் தாய் இறந்தார். விழாவுக்குச் சேலை கட்டும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் பெட்டி. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்தால், பிள்ளை அதை எடுத்துவிட்டால் குற்றம். வேகமாகத் திறக்கும் சின்னப் பூட்டுப் பெட்டியைத் துப்பாக்கி வாங்கும் அன்றே வாங்குங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் மனச்சோர்வில் யாராவது இருந்தால், இந்தப் பட்டியலில் எதுவுமே உங்களுக்குச் சரியான பதில் இல்லை. வாசல் கேமரா, நல்ல பூட்டு, பெப்பர் ஸ்பிரே என்று போங்கள்.

## யாருக்கு எது

மொத்தம் 500, இதுவே முதல் துப்பாக்கி: ஜி3சி, கூடவே வகுப்பு. இன்னும் 300 புரட்ட முடியும் என்றால் ஷீல்ட் பிளஸ். கை வலு இல்லை, சொல்லிக் கொடுத்தும் ஸ்லைடு வரவில்லை: ஷீல்ட் ஈஸி. பெல்ட்டே போட மாட்டேன் என்கிறவருக்கு எல்சிபி மேக்ஸ், வலிக்கும் என்று தெரிந்தே. ரிவால்வரை இரண்டாவது துப்பாக்கி வாங்கும் நாளில் பேசுவோம்.

வாங்குமுன் துப்பாக்கியை வாடகைக்குத் தரும் ரேஞ்சுக்குப் போய், இரண்டு மாடலையாவது ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். கடைக்காரர் துப்பாக்கியைக் கையில் தரும்போது மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பர் காலி என்று காட்டித் தருவார். அவர் பார்த்துவிட்டார் என்று விடாமல் நீங்களும் எட்டிப் பாருங்கள். அதைப் பார்த்தே அவர் உங்களிடம் பேசும் விதம் மாறும்.

பயிற்சிக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் அதை எடுக்காதீர்கள். அடியில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டு இந்தியர்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் போகிற அவசரத்தில் கைக்குக் கிடைத்த பையில் துணியை அடைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.